ஜன்னலை உள்ளேயிருந்து வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீட்டு பிளானை நேற்று ராத்திரி நானும் அம்மாவும் பார்த்தோம். எலிவேஷன் எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பக்கம் நாலு ஜன்னலும் ஒரே அளவில் வர வேண்டும் என்று சமையலறை ஜன்னலைச் சுருக்கிவிட்டாயே, அதுதான் உறுத்துகிறது.

போன சனிக்கிழமை இங்கே லண்டன் ஓரத்து பெக்ஸ்லிஹீத்தில் ரெட் ஹவுஸுக்குப் போயிருந்தோம். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், கல்யாணமான கையோடு, கட்டடக் கலைஞரான நண்பர் பிலிப் வெப்பைக் கொண்டு கட்டிக்கொண்ட வீடு. 1859-ல் தொடங்கி மறு வருஷமே குடிவந்துவிட்டார்கள். வெப்புக்கு அப்போது 28 வயது. தனியாக எடுத்துச் செய்த முதல் வீடு. செங்கல் மேல் சாந்து பூசிக் கல் கட்டடம் போலக் காட்டிய வீடுகள் நிறைய இருந்த காலம். இவர் பூசவே இல்லை. அந்தச் சிவப்புதான் வீட்டுக்குப் பெயர். பழத்தோட்டத்து மரங்களை முடிந்தவரை வெட்டாமல் எல் வடிவத்தில் மடக்கிக் கட்டி, அந்த மடக்கில் கிணறு வைத்திருக்கிறார். கிணற்றுக்குக் கூம்பு மாதிரி ஓட்டுக் கூரை.

தோட்டத்தில் நின்று பார்த்தால் ஜன்னல்கள் ஒன்றோடொன்று சேராது. ஒன்று நெடியது, ஒன்று அகலம், மாடியில் வட்ட வட்டமாகச் சில. உள்ளே ஏறிப் பார்த்ததும் புரிந்தது: வட்டங்கள் மாடி நடைக்கு வெளிச்சம் தருகின்றன. அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஜன்னல். வெளிச்சுவர் அதற்கு வளைந்து கொடுக்கிறது. எனக்கு அதுதான் அழகு.

மாடிப்படியில் அண்ணாந்து பார்த்தேன். விதானத்தின் பூச்சு ஈரமாக இருக்கும்போதே புள்ளி குத்தி வைத்திருக்கிறார்கள், கோலப்புள்ளி போல. வர்ணம் மங்கினால் அந்தப் புள்ளிகளைப் பிடித்தே திரும்ப வரையலாம். அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

ஒரு குறையும் உண்டு. முக்கியமான அறைகள் வடக்கு பார்த்தவை. இங்கே வெயில் தெற்கே சாய்ந்துதான் வரும், அதனால் உள்ளே ஒரே குளிர். உடம்பு முடியாமலும், லண்டனுக்கு வேலைக்குப் போய்வர மாளாமலும் மோரிஸ் 1865-ல் காலி செய்துவிட்டார். அப்புறம் அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆசையாய்க் கட்டிய வீட்டில் ஐந்தே வருஷம்.

சரி, நீ ஒரு காரியம் செய். மனையில் காலையிலும் மத்தியானத்திலும் கொஞ்ச நேரம் நின்று வெயில் எங்கே விழுகிறது என்று பார். பிறகு சமையலறை ஜன்னலை மேடைக்கு நேராக, உனக்கு வேண்டிய அளவில் போடு. மற்ற மூன்றும் எப்படி வந்தாலும் பரவாயில்லை. மாற்றி வரைந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா