துணி யானைக்கு ஒரு மேசை

ஆசிரியருக்கு,

பேரனுக்கு விளையாட்டுச் சாமான் வாங்க மட்டக்களப்பு நகரில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். எல்லாம் பிளாஸ்டிக். கடைசியில் வீதியோரம் ஒரு பெண்ணிடம் துணி யானை கிடைத்தது. மருதமுனைக் கைத்தறியில் மிஞ்சிய துண்டுகளில் தைத்ததாம். கண்ணுக்குப் பொத்தான் இல்லை, கறுப்பு நூலால் தைத்த புள்ளி. "பொத்தான் எண்டா பிள்ளை கடிச்சி விழுங்கிப் போடும் ஐயா" என்றார். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாமானில் கழன்று வரும் சிறு துண்டு கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். பனையோலைக் கிலுகிலுப்பையும் வாங்கினேன். பேரனை விட நான்தான் அதிகம் ஆட்டுகிறேன்.

மழை தூறியதும் அவர் எல்லாவற்றையும் உரப்பையில் அள்ளிக் கட்டினார். சந்தைக்குப் பொறுப்பானவர்களே, மாரி தொடங்குமுன் இவரைப் போல வீதியோரம் விற்பவர்களுக்குச் சந்தைக் கட்டடத்துக்குள் ஒரு மேசையளவு இடமாவது ஒதுக்கித் தாருங்கள்.

வாசகர் ஒருவர்,
கல்லடி