பனி வருமா என்று கேட்ட மகளுக்கு

கல்லடி, மட்டக்களப்பு
டிசம்பர் 18

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நீங்கள் இருக்கும் லெஸ்டரில் நத்தார் அன்று பனி விழுமா, விழாதா என்று இன்றைக்கு எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளிமண்டலவியல் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற உன் அப்பாவாலும் முடியாது. ஏழு நாள் முன்னதாகச் சொல்லக்கூடிய நேர்மையான பதில் இது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை கைபேசியில் பனிப் படம் இருந்தது, புதன்கிழமை அது மழைப் படமாகிவிட்டது, சின்னவள் அழுதாள், அதனால் "பனி வராது, இனி அந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லி முடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு நீ வேலைக்கு ஓடிவிடுவாய். கடிதமென்றால் இருந்து வாசிப்பாய்.

கணிப்பு மாறியதில் எவருடைய பிழையும் இல்லை. பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒரு சம்பவம் சொல்லித் தந்தார்கள். 1961இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அறிஞர் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பார்க்க விரும்பி, இடையில் வந்த எண்களை எடுத்து மீண்டும் தொடங்கினார். கணினிக்குள் 0.506127 என்றிருந்த எண், தாளில் 0.506 என்று அச்சாகியிருந்தது. அவர் அதையே போட்டார். சிறிது தூரம் இரண்டு கணக்குகளும் ஒட்டியே போயின. பிறகு விலகத் தொடங்கின. முடிவில் ஒன்றோடொன்று எந்த ஒற்றுமையும் இல்லாத இரண்டு வானிலைகளாகிவிட்டன. நாலாம் தசம தானத்தில் விட்டுப்போன சிறு துண்டு அவ்வளவையும் செய்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலே ஒவ்வொரு மைலுக்கும் ஒரு வெப்பமானியை யார் தொங்கவிட்டிருக்கிறார்கள்? தொடக்கத்திலேயே நமக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சம் நாளுக்கு நாள் பெருகுகிறது.

உங்கள் நாட்டில் ரெடிங் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐரோப்பிய வானிலை நிலையம் இதற்காகவே ஒரு வழி வைத்திருக்கிறது. தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி ஐம்பது கணிப்புகளை ஒன்றாக ஓட்டுகிறார்கள். ஐம்பதில் பத்து பனி என்று சொன்னால், வாய்ப்பு 20 வீதம். மறுநாள் அதே ஐம்பதில் ஐந்துதான் சொல்லலாம். கைபேசியில் வரும் சின்னப் படம் இந்த ஐம்பதையும் காட்டுவதில்லை. நாளை காலை எப்படியிருக்கும் என்பதற்கும் அடுத்த வாரம் எப்படியிருக்கும் என்பதற்கும் ஒரே மாதிரிப் படம், ஒரே மாதிரி உறுதி. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. அறிந்ததையும் ஊகத்தையும் ஒரே நிறத்தில் எழுத எங்களுக்கு ஒருநாளும் அனுமதி இருந்ததில்லை.

பிரித்தானியாவில் பனியைக் கணிப்பது இன்னும் கடினம். சுற்றிலும் கடல். வழக்கமாக வீசும் மேற்குக் காற்று அத்திலாந்திக்கின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. பனிக்கு வேண்டிய குளிர் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வர வேண்டும். அந்தக் குளிர் தங்கியிருக்கும்போதே ஈரமும் வந்து சேர வேண்டும். ஈரம் வெப்பத்தோடு வந்தால் குளிர் ஓடிவிடும், மழைதான் மிஞ்சும். இரண்டும் சந்திக்கும் எல்லை சற்று வடக்கே நகர்ந்தாலும் தெற்கே நகர்ந்தாலும் ஒரு நகரத்துக்குப் பனி, பக்கத்து நகரத்துக்குத் தூறல்.

பழைய கணக்கையும் பார். பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் வரையறைப்படி, டிசம்பர் 25ஆம் திகதியின் 24 மணி நேரத்துக்குள் ஒரேயொரு பனித்துகள் விழுவதைக் கண்டாலே அது பனி நத்தார்தான். அப்படிப் பார்த்தால் நாட்டில் எங்கோ ஓரிடத்தில் பாதிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் விழுந்திருக்கிறது. ஆனால் சின்னவள் கேட்பது அந்த ஒற்றைத் துகளை இல்லையே. அவள் கேட்பது நிலமெல்லாம் மூடிய பனி. அப்படி நாட்டில் பரவலாக நிலத்தில் பனி கிடந்த நத்தார்கள் 1960க்குப் பிறகு 1981, 1995, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில்தான் பதிவாகியிருக்கின்றன. 2010இல் அவதானிப்பு நிலையங்களில் 83 வீதமானவற்றில் நிலத்தில் பனி இருந்தது. டிசம்பரைவிட ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான் அங்கே பனி அதிகம். 1752இல் பிரித்தானியா நாட்காட்டியை மாற்றி 11 நாட்களைக் கழித்ததால் நத்தாரும் குளிர்காலத்தின் முன்பக்கமாக நகர்ந்துவிட்டது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லலாம். வருத்தப்பட மாட்டாள். பிள்ளைகளுக்கு இப்படியான கணக்குகள் பிடிக்கும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் வானத்தைப் பார்ப்பதென்றால் பயந்து பார்ப்பதுதான். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தபோது நான் உயர்தர வகுப்பு மாணவன். இரவு முழுவதும் அப்பப்பா முதுகால் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றார். விடிந்து பார்த்தால் ஊரில் தென்னை இல்லை, கூரை இல்லை, தெரு எது வளவு எது என்று தெரியவில்லை. 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரவுதான் என்னைத் திணைக்களத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று உனக்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். நீ பிறந்த பிறகும் வீட்டில் அந்தப் பயம் மாறவில்லை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் போதும், அம்மா அரிசியையும் பத்திரங்களையும் பரணில் ஏற்றிவிடுவாள். உன் பாடசாலைப் புத்தகங்களை நீயே பொலித்தீன் பையில் கட்டுவாய். அந்தச் சின்ன விரல்கள் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நான் கடமைக்குப் போயிருக்கிறேன்.

பிறகு 2004. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வானிலைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் கடல் இங்கே வந்துவிட்டது. நாவலடியிலும் டச்பாரிலும் உன்னோடு படித்தவர்களை நாம் இழந்தோம். அதற்குப் பிறகு இங்கிருந்தவரை எந்த நத்தார் இரவிலும் நீ ஒழுங்காக உறங்கியதில்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். நாம் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேச வேண்டாம். ஆனால் சின்னவளிடம் "பனி வராது" என்று நீ அவசரமாகச் சொல்லி முடித்ததை வாசித்தபோது, அந்த முடிச்சுப் போடும் பிள்ளையின் குரல்தான் எனக்குக் கேட்டது. வானத்திடமிருந்து எதையும் எதிர்பார்த்துவிடக் கூடாது என்று நீ பழகிவிட்டாய். காரணத்தோடுதான் பழகினாய்.

உன் மகளுக்கு அந்தக் காரணம் இல்லை, மகளே. நம் வீட்டில் டிசம்பர் மாதத்து வானத்தை ஆசையோடு பார்க்கிற முதல் பிள்ளை அவள். யன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு அவள் நிற்கும் படத்தை நீ அனுப்பியிருந்தாயே, அதை நான் எத்தனையோ பேருக்குக் காட்டிவிட்டேன். பனி வராமல் அவள் ஏமாந்தால் ஏமாறட்டும். ஒரு மாலை அழுவாள், மறுநாள் விளையாடுவாள். வானிலையால் ஒரு பிள்ளைக்கு வரக்கூடிய துன்பம் அவ்வளவுதான் என்றிருக்கும் இடத்தில் அவள் வளர்வதை நினைத்து நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அந்த ஆசையை அவளிடமிருந்து நீ எடுத்துவிடாதே.

வரும் என்றும் சொல்லாதே, வராது என்றும் சொல்லாதே. ஒரு பையில் பத்து மணிகளைப் போடு, இரண்டு வெள்ளை, எட்டு நீலம். இன்றைய கணிப்பு 20 வீதம் என்றால் அதுதான் கணக்கு. மறுநாள் கணிப்பு மாறினால் அவளே மணிகளை மாற்றட்டும். பைக்குள் கைவிட்டு எடுத்துப் பார்க்கட்டும். ஏழு வயதுக்கு இது விளங்கும். விளங்கிவிட்டால் கைபேசிப் படம் மாறும்போதெல்லாம் அழ மாட்டாள். 22ஆம் திகதிக்கு முன் வருகிற எதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். 23ஆம் திகதிக் கணிப்பை ஓரளவு நம்பலாம். 24ஆம் திகதி இரவுகூட மழையா பனியா என்பது இழுபறியாக இருக்கலாம்.

அந்த இரவுக்கு அவளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மருமகனிடம் சொல்லி இரண்டு சாதாரண வெப்பமானிகள் வாங்கச் சொல். பாதரசம் உள்ளது வேண்டாம், உள்ளே சிவப்புத் திரவம் உள்ளதாக இருக்கட்டும். ஒன்றை அப்படியே வெளியே நிழலில் வைக்க வேண்டும். மற்றதன் குமிழில் ஈரமான மெல்லிய பருத்தித் துணியைச் சுற்ற வேண்டும். நான் காலமெல்லாம் வெள்ளைப் பெட்டிக்குள் பார்த்து எழுதியது இந்த இரண்டையும்தான், உலர்குமிழும் ஈரக்குமிழும். காற்று வறண்டிருந்தால் ஈரக்குமிழ் கீழே இறங்கும். உலர்குமிழ் 3 பாகை காட்டினாலும் ஈரக்குமிழ் ஒரு பாகைக்குக் கீழே நின்றால், விழுவது பனியாக விழ நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டும் ஒன்றாக 4 பாகையில் நின்றால் மழைதான். கைபேசி சொல்லாததை அவள் தன் கண்ணாலேயே பார்த்துச் சொல்லலாம்.

நாங்கள் வானிலையை இலக்கங்களாக எழுதி அனுப்புவது உனக்கு நினைவிருக்கும். தூறலுக்கு 50 தொட்டு, மழைக்கு 60 தொட்டு, பனிக்கு 70 முதல் 79 வரை. அந்தப் பத்து இலக்கங்களையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். மட்டக்களப்பில் அவற்றில் ஒன்றையும் எழுதும் வேளை எனக்கு வாய்க்கவில்லை, வாய்க்கவும் முடியாது. சின்னவள் ஒருநாள் எழுதுவாள்.

இதையும் அவளிடம் சொல். அம்மப்பாவின் ஊருக்கு மேலேயும் பனி இருக்கிறது. இங்கே ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உயரத்தில் காற்று உறைநிலைக்குப் போய்விடுகிறது. உயர்ந்து வளரும் முகில்களின் மேற்பாதியில் இருப்பது பனித்துகள்தான். அவற்றிலிருந்து நம் முற்றத்தில் விழும் பெருமழையில் ஒரு பங்கு, மேலே பனியாகப் பிறந்து இறங்கும் வழியில் உருகியது. இங்கே டிசம்பர் மாதத்துக்கு 400 மில்லிமீற்றரை அண்டி மழை பெய்யும். ஒரு பங்கு தண்ணீருக்குப் பத்துப் பங்கு பனி என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். அத்தனையும் பனியாக வந்திருந்தால் 4 மீற்றர், நம் வீட்டு ஓட்டுக்கும் மேலே. அவள் கண்களை விரிப்பதை எனக்கு ஒளிப்படமாக அனுப்பு.

24ஆம் திகதி உனக்கு இரவுப் பணி என்று அம்மா சொன்னாள். பனி வந்தால் சின்னவளுக்கு விளையாட்டு, உனக்கு வழுக்கும் தெரு. அதை நான் மறந்துவிட்டு எழுதவில்லை. அன்று உறைநிலைக்குக் கீழே போகும் என்று சொன்னால் காரை எடுக்காதே. இருட்டும் முன்பே பஸ்ஸில் போய் மருத்துவமனையிலேயே இரு. விடிய மருமகன் வந்து கூட்டிப்போகட்டும். இதில் மட்டும் 20 வீதம், 30 வீதம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாவி நிறைந்துதான் இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. அம்மா கேக்குக்கு முந்திரிகை வற்றல் ஊறப்போட்டுவிட்டாள். பாலன் குடிலுக்குச் சவுக்கங்கிளை நாளை வரும். கூரையில் வைக்கும் பஞ்சை இம்முறை கூடுதலாக வாங்கச் சொல்லியிருக்கிறேன், சின்னவள் வீடியோ அழைப்பில் கேட்டதற்காக. பயற்றம்பணியாரம் அனுப்பிய பொதி இன்னும் வந்து சேரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது, விசாரிக்கலாம்.

அன்புடன்,
அப்பா