கருக்கு மட்டையும் 180 திர்ஹம் பலகையும்

சார்ஜா
வெள்ளிக்கிழமை ராத்திரி

அன்புள்ள மக்கா,

மூன்று தடவை கேட்டும் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். இரு, சொல்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவளுக்குப் பரீட்சை முடிந்தது. என் சர்க்கரை இருந்த இடத்திலேயே நிற்கிறது. மாமாவுக்குக் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அத்தை சொன்னாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வாங்கின ஜிப்ஸி ஜீப்பின் போட்டோ பார்த்தேன். நம்ம பி.டி. வாத்தியார் மாதிரியே விறைப்பாக நிற்கிறது, சத்தமும் அவர் மாதிரியே இருக்கும் என்று நினைக்கிறேன். வாங்கியது நல்லது. ஆனால், "ஆன்லைனில் ரெக்கவரி போர்டு ஜோடி மலிவாகக் கிடக்கு, 10 டன் தாங்குமாம், போடவா?" என்று, மணலில் புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற பலகையைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் எழுத எனக்கு முகம் இல்லாமல்தான் இத்தனை நாள் ஓடியது. இனிமேல் எழுதப்போவது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும். தங்கச்சி காதில் விழுந்தால் மறுநாளே இங்கே வந்து சேர்ந்துவிடும்.

போன மாதம் பதாயர் பாலைவனத்துக்குப் போனோம். பிக் ரெட் என்பார்களே, அந்த மேடு. நம்ம ஊர்த் தேரிச் செம்மணலை ஒருவன் தூக்கி நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. நானும் மச்சினனும், என் பஜேரோ மட்டும். ஓரத்தில்தானே ஓட்டப்போகிறோம் என்று டயரில் காற்று இறக்கவில்லை. பத்தே நிமிடத்தில் பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை உள்ளே போய்விட்டது. டிக்கியில் 180 திர்ஹத்துக்கு வாங்கிய ஆரஞ்சுப் பலகை ஜோடி, உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பெருமையாக எடுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் சும்மா போட்டேன், ஏறி உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் பலகைமேல் ஏறவே இல்லை, அதன் நுனியிலேயே நின்று சுற்றியது. பிளாஸ்டிக் கருகிய நாற்றம். இறங்கிப் பார்த்தால், டயரைப் பிடிக்கப் பலகைமேல் வைத்திருக்கிற பல்லில் முதல் நாலு வரிசையும் மெழுகாக உருகி வழவழவென்று ஆகியிருந்தது. அப்போதாவது புத்தி வந்ததா? இன்னொரு மிதி மிதித்தேன். இடது பலகை வண்டிக்கு அடியிலிருந்து பின்பக்கமாகப் பறந்தது. மச்சினன் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தான். அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் மணலில் குத்தி நின்றது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவன்தான், "அத்தான், தண்ணி இருக்கா?" என்றான்.

அரைமணி கழித்து லேண்ட் குரூசரில் ஓர் அரபுக் கிழவர் வந்தார். பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து வால்வை அமுக்க ஆரம்பித்துவிட்டார். காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. இருந்ததை 15க்குக் கொண்டுவந்தார். டயர் சப்பையாகிப் பரந்தது. சக்கரத்துக்கு முன்னால் கிடந்த மணலைக் கையாலேயே வாரித் தள்ளினார். அதே உருகின பலகையைத் திருப்பி, நல்ல முனை டயரோடு ஒட்டி நிற்கிற மாதிரி சரிவாகச் சொருகினார். நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற ஃபோர் லோ, முதல் கியர், காலை மெதுவாக வை என்று சைகை. வண்டி பூனை மாதிரி ஏறி வெளியே வந்தது.

அதே 180 திர்ஹம் பலகைதான், பார்த்துக்கொள். அதைக் கெடுத்தது என் கால்.

அதனால் உன் கேள்விக்குப் பதில்: மலிவானது போதும். ஆஸ்திரேலியாக்காரனின் மேக்ஸ்ட்ராக்ஸ் நல்ல சாமான்தான், நாரிழை கலந்த நைலான், ஆனால் ஜோடி 300 டாலர் பக்கம். சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுற்றவிட்டால் அதன் பல்லும்தான் உருகும். என் வண்டி இரண்டு டன்னைத் தாண்டும். உன் ஜிப்ஸி ஒரு டன் சொச்சம், டயர் அகலம் 20 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் உனக்கு தாராளம்.

அந்த 10 டன் கணக்கை நம்பாதே. சமதரையில் போட்டால் பரோட்டாகூட 10 டன் தாங்கும். இரண்டு முனைக்கும் செங்கல் வைத்து, நடுவில் நீ ஏறி நில். உன் இப்போதைய தொந்தியோடு நின்றும் லேசாக வளைந்து திரும்ப நிமிர்ந்தால் வாங்கு. வளைந்தபடியே நின்றால் திருப்பி அனுப்பு. அப்புறம் பல்லைப் பார். நகத்தால் கீறினால் வெள்ளையாகச் சுரண்டிக்கொண்டு வருகிறதா என்று பார், வந்தால் வேண்டாம். முனையிலிருந்தே பல் தொடங்க வேண்டும், முதல் ஒரு சாண் மொட்டையாக இருந்தால் சக்கரம் ஏறாது. அடிப்பக்கமும் சொரசொரப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பலகையே வழுக்கிக்கொண்டு ஓடும். இரும்புப் பல் வைத்ததை வாங்காதே, சக்கரம் சுற்றினால் டயரைக் கடித்துவிடும். நிறம் பச்சையோ நீலமோ எடு. நான் ஆரஞ்சு வாங்கி, செம்மணலுக்குள் புதைந்ததைத் தோண்டித் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. கைப்பிடியில் ஒரு முழம் நைலான் கயிறு கட்டிவிடு.

அதுவும் வேண்டாம் என்றால், உன் கஞ்சத்தனத்துக்கு ஏற்ற யோசனை ஒன்று இருக்கிறது. தூத்துக்குடி பழைய சாமான் கடைகளில் எஃப்.ஆர்.பி. கிரேட்டிங், அதாவது கண்ணாடி நாரும் ரெசினும் சேர்த்து வார்த்த தட்டி, கிடைக்கிறதா பார். தொழிற்சாலையில் நடைபாதைக்குப் போடுவார்களே, கட்டம் கட்டமாக, மேலே மணல் ஒட்டின மாதிரி சொரசொரவென்று. 38 மில்லிமீட்டர் கனத்தில் நாலடிக்கு ஓரடியாக இரண்டு துண்டு வெட்டச் சொல். ஒவ்வொன்றும் ஆறேழு கிலோ வரும், பிளாஸ்டிக் பலகையைப்போல இரண்டு மடங்கு. ஆனால் அது உருகாது. வெட்டின ஓரத்தில் கண்ணாடி நார் குத்தும், கையுறை போட்டுக்கொண்டு அரத்தால் தேய்த்துப் பெயிண்ட் அடி.

பழைய சாமான் கடையா என்று சிரிக்காதே. 1920களில் எகிப்தில் இருந்த பேக்னால்ட் என்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, ஃபோர்டு காரை வைத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனவர், சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடு தேடிப் பிடித்தது கெய்ரோவில் ஒரு காயலான் கடையில்தான். முதல் உலகப்போரில் பதுங்குகுழிக் கூரைக்கு வைத்திருந்த தகடு அது.

அவ்வளவு தூரம் எதற்கு? முருங்கைக்காய் லோடு ஏற்றின லாரி தேரியில் புதைந்தபோது மாமா என்ன செய்தார்? பனைமட்டையை வெட்டி, அதன் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்கிற கருக்கு மேலே பார்க்கிற மாதிரி அடுக்கினார். அந்தப் பல் டயரைக் கவ்விப் பிடித்ததை நாம் இரண்டு பேரும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "பின்னால நிக்காதீங்கல, ஓடுங்க" என்று கத்தினாரே. அது எனக்கு மண்டையில் நாற்பது வருஷம் கழித்துத்தான் ஏறியிருக்கிறது.

பலகைக்கு முன்னால் காற்றழுத்தமானியும் சின்ன கம்ப்ரஸரும் வாங்கு, மக்கா. கம்ப்ரஸரை சிகரெட் லைட்டரில் சொருகுகிற வகையாக வாங்காதே, ஃப்யூஸ் போகும்; பேட்டரியில் நேரே கிளிப் மாட்டுகிறதாக வாங்கு. ஒரு மம்பட்டியும் போட்டுக்கொள். காற்று இறக்கி, மணலை வாரினாலே பாதித் தடவை பலகைக்கு வேலை இருக்காது.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டு இல்லை. தனி வண்டியாகப் போகாதே. குதிரைமொழித் தேரிப் பக்கம் காப்புக்காடு இருக்கிறது, வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே இறங்காதே. சின்னவனைக் கூட்டிக்கொண்டு போனால், நீ மிதிக்கும்போது அவன் வண்டிக்கு முன்னாலும் நிற்கக்கூடாது, பின்னாலும் நிற்கக்கூடாது. பக்கவாட்டில், பத்து எட்டு தள்ளி. மச்சினன் முழங்கால் ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் ராத்திரி தூக்கம் கலைகிறது.

மாமாவிடம் ஒன்று கேட்டு எழுது. அன்றைக்குக் கருக்கு மேலே பார்க்கத்தான் வைத்தாரா, இல்லை கீழேயா? மேலே என்றுதான் எனக்கு ஞாபகம். என் தம்பி கீழே என்று சாதிக்கிறான். அவனோடு நூறு திர்ஹம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

உன்,
குட்டை