லாக்கருக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதே

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கேயும் எல்லாரும் நலம்.

நீ எழுதியதில் முக்கால் பங்கு, ஏலியனிடமிருந்து ஒளிந்து தப்பிக்கும் ஏலியன்: ஐசோலேஷன் கேம் மேல் புகார்தான், அதனால் நேரே அதற்கே வருகிறேன். ஐந்தாவது மிஷனில், அந்த மருத்துவமனைப் பகுதியில் மாட்டிக்கொண்டிருக்கிறாய். எங்கே ஒளிந்தாலும் அது மோப்பம் பிடித்த மாதிரி அதே பக்கம் வந்து நிற்கிறது, இது ஏமாற்று வேலை என்கிறாய். நீ சொல்வது பாதி சரி. அந்தப் பாதி என்ன என்று புரிந்துவிட்டால் விளையாட்டும் பிடிபடும், அதன் பெரிய குறை எங்கே இருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

2014 அக்டோபரில் வந்த கேம் இது. செய்தவர்கள் கிரியேட்டிவ் அசெம்ப்ளி. டோட்டல் வார் வரிசையில் ஆயிரக்கணக்கான படைவீரர்களை ஒரே திரையில் மேய்த்தவர்கள், இதில் ஒரே ஒரு ஜந்துவின் மேல் மொத்த உழைப்பையும் கொட்டியிருக்கிறார்கள். அந்த ஜந்துவை இரண்டு மூளைகள் நடத்துகின்றன. மேலே இருப்பது டைரக்டர் என்ற நிரல். நீ எங்கே இருக்கிறாய், ஏலியன் எங்கே இருக்கிறது என்று இரண்டும் அதற்கு எப்போதும் தெரியும். ஆனால் நீ இருக்கும் இடத்தை அது ஏலியனிடம் அப்படியே போட்டுக்கொடுப்பதில்லை. கண்ணாமூச்சியில் தேடுகிற பிள்ளைக்குத் திண்ணையில் இருக்கும் பெரியவர் "அந்தக் கொல்லைப் பக்கம் பாரேன்" என்று சொல்வதைப் போல, ஒரு பகுதியை மட்டும் காட்டும். அங்கே வந்த பிறகு தேடுவது ஏலியனின் சொந்த மூளை. அதற்குத் தன் கண்ணும் காதும் மட்டும்தான் துணை. நீ ஓடினால் கேட்கும், குனிந்து மெல்ல நகர்ந்தால் கேட்காது. உன் பகுதிக்கு அது திரும்பத் திரும்ப வருவது டைரக்டர் வேலை. உன்னைப் பிடித்துவிடுவது உன் சத்தத்தாலோ அதன் பார்வையில் நீ பட்டதாலோதான்.

டைரக்டர் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. ஏலியன் உன் அருகிலேயே சுற்றினால், உன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், அசைவைக் காட்டும் உன் கைக்கருவியான மோஷன் டிராக்கரில் தொடர்ந்து தெரிந்தால் ஒரு அழுத்த அளவு ஏறிக்கொண்டே போகும். அது நிரம்பியதும் ஏலியனைக் கூரையில் இருக்கும் காற்றுக் குழாய்க்குள் திருப்பி அனுப்பிவிடும், உனக்கு மூச்சுவிட நேரம் கிடைக்க. ஆகவே அது தரையில் நடமாடும்போது தூரத்தில், மேசைக்கு அடியில் பொறுத்திரு. குழாய்க்குள் ஏறும் சத்தம் கேட்டதும் கிளம்பு. நீ லாக்கரில் இருப்பதாக எழுதியதைப் பார்த்தால் இதற்கு நேர்மாறாகச் செய்கிறாய் என்று தெரிகிறது. அது மேலே ஏறிய பிறகும் லாக்கருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், அழுத்தம் இறங்கியதும் டைரக்டர் அதே பகுதியை மறுபடி காட்டும். காத்திருப்பதால் அது விலகிப் போகாது. நல்ல நேரம் வீணாவதுதான் மிச்சம்.

ஏலியன் கற்றுக்கொள்கிறது என்று நீ சொன்னதும் பாதிதான் சரி. உண்மையில் படித்துத் தேறுவது எதுவும் இல்லை. எப்போது என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் அதன் நடத்தை மரத்தில் சில கிளைகளை ஆரம்பத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள், கதை நகர நகர, நீ செய்வதைப் பொறுத்து, ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. கிளை திறந்த பிறகு அது உன் பழக்கத்தைக் கண்டுகொண்டது போலவே தோன்றும். இந்தத் தோற்றத்தை இவ்வளவு நன்றாகச் செய்த ஹாரர் கேம் வேறு எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஐந்தாவது மிஷனுக்கு. மோஷன் டிராக்கரை விடாமல் கையில் பிடித்துக்கொண்டு திரியாதே. அருகில் இருக்கும்போது அதன் பீப் ஏலியனுக்கும் கேட்கும். ஒரு நொடி எடுத்துப் பார், கீழே இறக்கு. அசையாமல் நிற்கும் எதையும் டிராக்கர் காட்டாது. புள்ளி உன் தளத்தில் இருக்கிறதா, தலைக்கு மேல் குழாயில் இருக்கிறதா என்றும் சொல்லாது. அதைக் காதால்தான் பிரிக்க வேண்டும். தரையில் நடந்தால் கனமான காலடி, குழாயில் இருந்தால் தகரத்தில் எதையோ இழுப்பது போன்ற சத்தம். கூரைத் திறப்பிலிருந்து எச்சில் சொட்டுவதைப் பார்த்தால் அதன் கீழே போகாதே. அது அங்கே பதுங்கிக் காத்திருக்கிறது, நின்று யோசிக்கக்கூட விடாது.

லாக்கரில் இருக்கும்போது அது வெளியே நின்று முகர்ந்தால் பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடி. நீண்ட நேரம் பிடித்தால் உயிர் குறையும், அதனால் அது முகத்தைத் திருப்பியதும் விட்டுவிடு. ரிவால்வரை மறந்துவிடு. ஏலியனைத் தோட்டா எதுவும் செய்யாது, சத்தம் மட்டும் அதைக் கூப்பிடும். சத்தமெழுப்பிக் கருவி ஒன்று செய்துகொள்ளலாம், அதை நீ போகும் வழிக்கு எதிர்ப்பக்கம் எறி. உன்னைச் சுடும் மனிதர்கள் இருக்கும் இடத்தில் இன்னும் வசதி. அவர்கள் நடுவில் எறிந்துவிட்டு ஒளிந்துகொண்டால் மிச்ச வேலையை ஏலியன் பார்த்துக்கொள்ளும். ஒரே தந்திரத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யாதே. கருவி செய்யும் மூலப்பொருளுக்கு உச்ச வரம்பு உண்டு, நிரம்பிய பிறகு வழியில் கிடப்பதை எடுக்க முடியாது. அதனால் கிடைத்ததைச் சேர்த்து வைக்காமல் அப்போதைக்கப்போது கருவியாக்கிவிடு.

சேவ் விஷயத்தில் உன் எரிச்சல் நியாயம். சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகி, மூன்று விளக்கும் ஒவ்வொன்றாக எரிந்து முடியும் வரை நிற்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் உலகம் நின்றுவிடாது, பின்னாலிருந்து ஏலியன் வந்து கொன்றுவிடும். இதைப் பலம் என்றுதான் நான் சொல்வேன், சேவ் செய்வதே பயமாக இருக்கிற கேம்கள் குறைவு. ஆனால் இரண்டு தொலைபேசிகளுக்கு இடையே இருபது நிமிட வேலையை வைத்துவிட்டுக் கடைசிக் கதவில் கொல்வது பயமுறுத்தல் ஆகாது, நேரத்தைத் தின்பது. ஒரு வேலை முடிந்ததும், அடுத்ததற்குப் போவதற்குமுன் வந்த வழியே திரும்பிப் போயாவது சேவ் பண்ணு. மெல்லிய பீப் ஒலி அந்தத் தொலைபேசியிலிருந்துதான் வருகிறது, அதைப் பின்தொடர்ந்தால் இடம் தெரியும்.

மனித உருவ ரோபோக்களான ஆண்ட்ராய்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். வொர்க்கிங் ஜோ என்ற அந்த ஆண்ட்ராய்டுகளோடு நேருக்கு நேர் நின்று ரெஞ்சால் அடிக்காதே, கையைப் பிடித்துவிடும். மின்தடி கிடைத்ததும் அதனால் ஒரு அதிர்ச்சி கொடுத்து, உறைந்து நிற்கும்போது தலையில் அடி. மின்காந்தக் கண்ணிவெடி இருந்தால் இரண்டு மூன்றை ஒன்றாக நிறுத்தலாம். பின்னால் ரப்பர் உடை போட்ட ஜோக்கள் வரும், அவற்றிடம் மின்சாரம் எதுவும் செல்லாது. அதற்குத்தான் போல்ட் கன். முழுதாக அழுத்திப் பிடித்துத் தலையில் ஒன்று விட்டால் போதும். அதுவரை ஓடுவதே மேல், அவை ஓடுவதில்லை.

பலம் என்று சொல்ல இன்னும் இரண்டு. முதலாவது தோற்றம். 1979இல் வந்த ஏலியன் படத்தில் எதிர்காலம் எப்படிக் கற்பனை செய்யப்பட்டதோ அதிலிருந்து இம்மியும் விலகவில்லை. தட்டையான திரை ஒன்று கிடையாது. பச்சை எழுத்து மின்னும் குண்டு மானிட்டர், அமுக்கினால் டக்கென்று சத்தம் போடும் பொத்தான், இழுத்துத் திருப்ப வேண்டிய நெம்புகோல். ஒரு கதவைத் திறக்க நாலு கை வேலை செய்ய வேண்டியிருப்பதும் அதனால்தான், முதுகுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்ற நடுக்கத்தோடு. இரண்டாவது ஒலி. 2015 பாஃப்டாவில் ஒலிக்கான விருது இதற்குத்தான் கிடைத்தது. தயவுசெய்து லேப்டாப் ஸ்பீக்கரில் விளையாடாதே. காதுக்கு ஒரு சாதாரண ஹெட்போன் மாட்டினாலே பாதிக் கஷ்டம் குறையும், ஏனென்றால் மேலே சொன்ன காலடி, குழாய்ச் சத்தமெல்லாம் எந்தத் திசை என்று அப்போதுதான் தெரியும்.

குறைக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் மேல் நீளம். பதினெட்டு மிஷன், முதல் தடவை விளையாடுபவனுக்குப் பதினெட்டு இருபது மணி நேரம் ஆகும். உன்னைப் போல் லாக்கரில் வாழ்பவனுக்கு இன்னும் கூட. ஏலியன் ஒருவனை நம்பி எழுதப்பட்ட கேம் இவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது. பத்தாவது மிஷன் முடியும் இடம் ஒரு நல்ல கேமின் கிளைமாக்ஸ் போலவே இருக்கிறது, என்ன என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு எட்டு மிஷன் மிச்சம். அதில் ஒரு பெரிய துண்டில் ஏலியனே கிடையாது, ஆண்ட்ராய்டுகளிடமிருந்து ஒளிந்து மின்சாரத்தைப் போடு, கதவைத் திற, திரும்பி வா என்று ஓடுகிறது. பயம் இருந்த இடத்தில் அலுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏலியன் திரும்பி வரும்போது அதன் சூத்திரம் உனக்கு அத்துப்படி ஆகியிருக்கும், கையில் ஃப்ளேம்த்ரோவரும் இருக்கும். நெருங்கி வந்ததும் ஒரு சின்னப் பீய்ச்சல் விட்டால் அது ஓடிவிடும். எரிபொருள் குறைவு, அதனால் முழுதாக அழுத்தாதே. பார்த்த உடனே விடாமல் பாயத் தயாராகும் வரை பொறு. ஆனால் துரத்த ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததுமே முதல் பத்து மணி நேரத்தின் நடுக்கம் போய்விடுகிறது.

ஆரம்பத்தில் சொன்ன டைரக்டருக்கும் இதில் பங்கு உண்டு. அது ஏலியனை உன் அக்கம்பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறது. செவஸ்டபோல் அவ்வளவு பெரிய விண்நிலையம், எத்தனையோ காலி அறைகள், ஆனால் ஏலியன் எப்போதும் நாலு அறை தள்ளித்தான். இது முதலில் திகில். கயிறு இருப்பது கண்ணுக்குத் தெரிந்தபின் எரிச்சல். கணினியில் அந்தக் கயிற்றைத் தளர்த்தும் அன்பிரிடிக்டபிள் ஏலியன் என்ற மாட், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றம், இருக்கிறது. முதல் சுற்றுக்கு அதைப் போடாதே, அசல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடு.

மற்றக் குறைகள் சில்லறை. மனிதர்களின் முகம் பொம்மை மாதிரி, உதட்டசைவு பேச்சோடு ஒட்டாது. எதிரி மனிதர்களுக்கு ஏலியனின் கால்வாசி புத்திகூட இல்லை. இடையில் வரும் காட்சிகள் முன்பே பதிவுசெய்தவை, அதனால் உன் கணினி எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அவை மட்டும் திக்கித் திக்கி ஓடும். அது உன் கிராபிக்ஸ் கார்டின் கோளாறு இல்லை, டிரைவரை மாற்றிக்கொண்டு திரியாதே. விளிம்புகளில் எறும்பு ஊர்வது போல மினுமினுக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது கேமின் பழைய விளிம்பு மென்மையாக்கும் முறையால் வருவது. ஏலியஸ் ஐசோலேஷன் என்ற இலவச மாட் அதை நன்றாகவே சரிசெய்கிறது. செட்டிங்கில் வண்ணச் சிதறலையும் அணைத்துவிடு. பிலிம் துகளை மட்டும் விட்டுவை, அந்தக் காலத்துப் படம் பார்ப்பது போல் இருக்கும்.

நைட்மேர் என்ற மிகக் கடினமான நிலையைத் தொடாதே. வரைபடமே கிடையாது, டிராக்கரும் பழுதானது போல் வேலை செய்யும், முழுதாக ஒரு தடவை முடித்தவர்களுக்கானது அது. ஹார்டில் விளையாடுகிறாய் என்றால் சரி. ஏலியன் கூர்மையாக இருந்தால்தான் இந்த கேமுக்கு அர்த்தம், ஈசியில் அது வெறும் வாடகை வேஷம்.

தம்பி போனில் விளையாடலாமா என்று கேட்டானாம். விளையாடலாம். ஃபெரல் இன்டராக்டிவ் 2021 டிசம்பரில் ஆண்ட்ராய்டு போனுக்கும் ஐபோனுக்கும் கொண்டுவந்தது, கூடுதல் பகுதிகள் ஏழும் அதிலேயே அடக்கம். பத்து ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், போனும் ஓரளவு நல்லதாக இருக்க வேண்டும். தொடுதிரையில் குனிவது, சாய்ந்து பார்ப்பது, டிராக்கர் எடுப்பது எல்லாம் ஒரே நேரத்தில் செய்வது கடினம். ஒரு கேம்பேட் இணைத்துவிட்டால் பிரச்சனை இல்லை.

கடைசியாக ஒன்று. உனக்குப் பத்தாவது மிஷனுக்குப் பிறகு அலுத்துப்போனால் வலுக்கட்டாயமாக ஓட்டாதே. அங்கேயே நிறுத்திவிட்டுக் க்ரூ எக்ஸ்பென்டபிள் என்ற கூடுதல் பகுதியை எடு. பழைய படத்தின் நாஸ்ட்ரோமோ கப்பலுக்குள்ளேயே நடப்பது, படத்தின் நாயகி சிகர்னி வீவரும் உடன் நடித்த சிலரும் தங்கள் குரலையே கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், பிரதான கேமுக்கு இல்லாத அளவான நீளம் அதற்கு இருக்கிறது. பிறகு தோன்றினால் மிச்ச எட்டுக்கு வரலாம்.

அந்த மருத்துவமனையைத் தாண்டியதும் எழுது. சிக்கினால் எந்த வாசலில், எத்தனை தடவை என்று சொல், வேறு வழி இருக்கிறதா பார்க்கிறேன்.

அன்புடன்,
பிரபு