அவுலிக்கு ரோப் கார் ஓடவில்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் உத்தராகண்டின் அவுலி பனிச்சறுக்கு பற்றிய பயணக் கட்டுரையில், அவுலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமத் ஊரில் இறங்கியதும் நேரத்தை வீணாக்காமல் ரோப் காரில் ஏறிவிடச் சொல்லி ஒரு வரி இருக்கிறது. அந்த ரோப் கார் 2023 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஜோஷிமத்தில் நிலம் தாழ்ந்து, 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்து, குடும்பம் குடும்பமாக ஆட்களை வெளியேற்றிய செய்தியை அப்போது நீங்களே போட்டிருந்தீர்கள், உங்களுக்குத் தெரியாததா?

நாங்கள் 2024 பிப்ரவரியில் போய் வந்தோம். பயணத்தை ஏற்பாடு செய்தவரும் ரோப் கார் என்றே சொல்லியிருந்தார். முழங்கால் வலிக்கார அம்மாவோடு மூடிக்கிடந்த நிலையத்தின் முன்னால் குளிரில் நின்றோம், அப்புறம் ஜீப் பிடித்துத்தான் மேலே போனோம்.

சரி, அதுகூடப் பெரிதில்லை. அந்த 'நேரத்தை வீணாக்காமல்' என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்த டீக்கடைக்கார அம்மாள், கடைக்குப் பின்னால் தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். சிமென்ட் வைத்து அடைத்த விரிசல் அதன் பக்கத்திலேயே மறுபடி வாய் திறந்திருந்தது. அந்த ஊர் பழைய மண்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாறையை உடைக்காதீர்கள், மரத்தை வெட்டாதீர்கள் என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976லேயே சொல்லியாகிவிட்டது. நான் குன்னூர்க்காரி. 2009 நவம்பர் மழையில் மலை சரிந்தபோது இரவெல்லாம் விழித்துக் கிடந்தவள். மலையூர் என்றாலே ஏறி இறங்கும் படிக்கட்டாக நினைத்து எழுதுவது உங்கள் இதழில் புதிதில்லை, ஊட்டி பற்றி எழுதும்போதும் இதேதான். அதற்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

இன்னொன்று, சறுக்கத் தெரியாதவர்களுக்கு அங்கே வேலையில்லையாம்! நானும் சறுக்கவில்லை. கருவாலி மரங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நடந்து கோர்சன் புல்வெளிக்குப் போனேன், 7,816 மீட்டர் உயர நந்தாதேவி சிகரம் எதிரே நின்றது, ஒரு மணி நேரம் பேச்சே வரவில்லை. திரும்பும் வழியில் பனியில் சிப்ஸ் பாக்கெட்டுகள், தண்ணீர் பாட்டில்கள். 2019ல் அவுலியில் நடந்த பணக்காரக் கல்யாணத்தின் குப்பை உயர் நீதிமன்றம் வரை போனதே, அதற்குப் பிறகும் குப்பை பற்றி உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லையே!

வேறு எதுவும் கேட்கவில்லை. ரோப் கார் ஓடவில்லை, ஜீப்பில்தான் போக வேண்டும், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலிலேயே வண்டி பேசிக்கொள்ளவும் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். இடமிருந்தால், ஜோஷிமத்தில் ஒரு நாள் தங்கிப்போகவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகி