'விலை நேரில்' என்று போட்டிருந்தால்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் கிடைத்தது. சென்னையை விட்டுப் பாளையங்கோட்டைப் பக்கமே வந்துவிடப் போகிறீர் என்று படித்ததும் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம்.

நீர் அனுப்பிய மூன்று மனை விளம்பரத்திலும் 'விலை நேரில்' என்றுதான் இருக்கிறது. போன் போட்டால் புரோக்கர் 'சாருக்கு பட்ஜெட் எவ்வளவு?' என்று திருப்பிக் கேட்கிறார் என்கிறீர். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடாதேயும் வே. நாற்பது லட்சம் என்று வாயைத் திறந்தால், முப்பத்தைந்து சொல்ல இருந்த மனையும் நாற்பதாகிவிடும். 'எட்டு சென்ட், கிழக்கு பார்த்தது வேணும்' என்று அளவோடு நிறுத்திக்கொள்ளும்.

புரோக்கருக்கு விலை தெரியாமல் இல்லை. நிலத்துக்காரர் பல இடத்தில் 'என் கைக்குச் சென்டுக்கு இவ்வளவு வந்தாப் போதும், மேல வாறது உம்ம சாமர்த்தியம்' என்று சொல்லிவிடுவார். விலையை அச்சில் போட்டால் அந்த 'மேல வாறது' போச்சு. அதனால் முதல் கேள்வியே 'இது பார்ட்டி கைக்குக் கேக்கதா, தரகு சேர்த்தா?' என்று இருக்கட்டும். பார்ட்டி என்றால் நிலத்துக்காரர்தான். அடுத்து, 'உமக்கும் பார்ட்டிக்கும் நடுவில் எத்தனை பேர்?' வண்ணார்பேட்டைக்காரர் சொல்லி, சமாதானபுரத்துக்காரர் சொல்லி உம்மிடம் வந்தால், ஆளுக்கொரு கை ஏறித்தான் வரும். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் வில்லங்கம்: அப்பா சொத்து, பிள்ளைகள் நாலு பேர், ஒருத்தர் மும்பையில். அவர்களுக்குள்ளேயே விலை முடிவாகியிருக்காது. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துக்குத் தயாரா என்று தெரியாமல் அங்கே பேரமே வேண்டாம்.

விலையை நீரே கண்டுபிடித்துவிட்டுப் பேசப் போவதுதான் சரி. கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் போனிலேயே கேளும். நேரே பார்ட்டியிடம் போய்விடுவீரோ என்ற பயத்தில் தயங்குவார். அது நியாயமான பயந்தான். 'உம்மைத் தாண்டிப் போகமாட்டேன்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடும். அப்புறமும் தரவில்லையென்றால் அந்த மனையை விட்டுவிடும்.

எண் கிடைத்ததும் பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பைப் பாரும். அது தரை மட்டம்தான். சந்தை விலை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும். இதைவிட உபயோகமானது வில்லங்கச் சான்று, அந்த இடத்தில் நடந்த பதிவுகளின் பட்டியல். அதே தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இந்த மனைக்கு மட்டுமல்ல, பக்கத்து உட்பிரிவுகளுக்கும் மூன்று வருஷத்துக்குப் போட்டுப் பாரும். ஒவ்வொரு கிரயத்துக்கும் கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் காட்டிய விலை), சந்தை மதிப்பு (வழிகாட்டி மதிப்புப்படி போட்டது) என்று இரண்டு எண் இருக்கும். பரப்பால் வகுத்தால் சென்ட் விலை வந்துவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மீதி ரொக்கமாகக் கைமாறியிருக்கலாம். அதை முழு விலையாக நம்பவேண்டாம். வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழையபடி ஏற்றினார்கள். அதற்கு முந்தைய பதிவைக் காட்டிப் பேசினால் எடுபடாது.

வில்லங்கச் சான்றில் புரோக்கர் பெயரிலேயே பவரோ (விற்கும் அதிகாரப் பத்திரம்) கிரய ஒப்பந்தமோ பதிவாகியிருக்கிறதா என்றும் பாரும். இருந்தால் அவர் தரகர் இல்லை, விற்கிறவர். விற்கிறவருக்குத் தரகு எதற்கு?

கணக்கில் ஒரு குழப்பம் வரும். சதுர அடி விலை சொன்னால் சின்னதாகத் தெரியும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 1,400 ரூபாய் என்றால் சென்ட் 6,09,840. 'நூறு ரூபாதானே அண்ணாச்சி கூட' என்பார்; எட்டு சென்ட்டுக்கு அந்த நூறு 3,48,480 ரூபாய். பட்டாவில் ஏர் (நூறு சதுர மீட்டர்) கணக்கில் இருக்கும்: எட்டு சென்ட் என்றால் 3.24 ஏர். பத்திரத்தில் எட்டு, பட்டாவில் 3 ஏர் என்றால் ஏழரை சென்ட் கூட இல்லை. எது குறைவோ, அதற்குத்தான் காசு.

புது லேஅவுட் என்றால் இன்னொன்று. 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு வேண்டும். விலை போடாத விளம்பரம் இருக்கலாம். ரெரா எண் போடாதது இருக்கக் கூடாது.

வெள்ளத்தையும் விசாரித்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளும், சுவரில் கறையையே காட்டுவார்கள். விலை குறைக்க அதைவிட நல்ல பேச்சு கிடையாது.

தொகை படிந்தால் தரகு எவ்வளவு, யார் தருவது என்பதை அன்றைக்கே எழுத்தில் வாங்கும். இரண்டு சதவீதம் கேட்பார்கள், ஒன்றுக்கும் இறங்குவார்கள். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று ஒன்பது சதவீதம் தனி. நாற்பது லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். விலை ஐம்பது லட்சத்தைத் தொட்டால் ஒரு சதவீதம் வரி பிடித்து நீர்தான் கட்டவேண்டும். டோக்கன் முன்பணத்தைப் புரோக்கர் கையில் கொடுக்காமல், மூலப்பத்திரத்தின் அசலைப் பார்த்தபிறகு, நிலத்துக்காரர் பேங்க் கணக்கிலேயே போடும். ரொக்கம் இருபதாயிரத்தைத் தொடக்கூடாது.

மூன்று மனைக்கும் சர்வே எண் வாங்கி அனுப்பும், பக்கத்து உட்பிரிவு வில்லங்கத்தை நான் போட்டுப் பார்த்து எழுதுகிறேன். இடம் பார்க்க ஐப்பசி, கார்த்திகை மழை பெய்யும்போதே ஒரு நடை வாரும். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.

அன்புடன்,
உம்ம பழைய நண்பன்