வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போன பையன்

ஆசிரியருக்கு வணக்கம்,

காலேஜ் படிப்பைப் பாதியில விடுற பசங்களைப் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். பொறுப்பில்ல, எந்நேரமும் ஃபோன்லயே கிடக்குறாங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. 18 வருஷமா முதல் வருஷப் பசங்களுக்குக் கணக்கு எடுக்குறேன் சார், என்னால இதை ஒத்துக்கவே முடியல.

படிப்பை விடுறது ஒரே நாள்ல நடக்குறதில்ல. காலைல முதல் பீரியட் வராம இருப்பாங்க, அப்புறம் ஒரு அசைன்மென்ட் நிக்கும், அதைக் கொடுக்காததால அந்த கிளாஸுக்கே வரக் கூச்சப்படுவாங்க, இன்டர்னல் பேப்பர் கொடுத்தா தப்பு எங்கன்னு கூடப் பாக்காம நாலா மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்குவாங்க. அந்த மடிப்பைப் பாத்தாலே எனக்கு இப்பல்லாம் வயித்தைக் கலக்கும். அப்படித்தான் ஒரு பையன், ஸ்கூல்ல நல்லா மார்க் வாங்கினவன், அவங்க குடும்பத்துலயே காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள். ஸ்டாஃப் ரூம் வாசல்ல ரெண்டு தடவை வந்து நின்னான். நான் பேப்பர் திருத்திட்டு இருந்தேன், வேணும்னா உள்ள வந்து கேப்பான்னு விட்டுட்டேன். மூணாவது தடவை அவன் வரல. லீவ் முடிஞ்சு வந்து பாத்தா ரெஜிஸ்டர்ல பேரே இல்ல. ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்து கிளாஸ்ல உக்காந்திருக்கான், சந்தேகம் கேட்டா இது கூடத் தெரியாதான்னு கேட்டுருவாங்களோன்னு பயந்திருக்கான், எல்லாம் அவன் ஃப்ரெண்ட் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னைக்கும் மனசு ஆறல.

வின்சென்ட் டின்டோங்கற அமெரிக்க ஆய்வாளர் 1975லயே எழுதினாரு, படிப்போடயும் அங்க இருக்குற மனுஷங்களோடயும் ஒட்டுதல் வந்தாத்தான் மாணவங்க தங்குவாங்கன்னு. வேலை, குடும்பம்னு இழுத்துக்கிட்டே படிக்கிறவங்களுக்கு வெளிய இருக்குற சுமைதான் பெருசுன்னு 1985ல பீன், மெட்ஸ்னர்ங்கற ரெண்டு ஆய்வாளர்கள் சொன்னாங்க. நான் சொன்ன அந்தப் பையனுக்கு ஒட்டுதலும் வரல, வெளிச் சுமையும் இருந்துச்சு.

இதுக்கு வழியே இல்லன்னும் சொல்ல முடியாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் அதோட ரெண்டு வருஷக் காலேஜ்கள்ல 2007ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஃபீஸ்ல துண்டு விழுறதைக் கட்டினாங்க, பஸ் ரயில் பாஸ், புக்குக்கு உதவி, எல்லாத்துக்கும் மேல ஒரு ஆலோசகரை அடிக்கடி போய்ப் பாத்தே ஆகணும். குலுக்கல்ல ரெண்டு குரூப்பாப் பிரிச்சு ஆராய்ச்சி பண்ணப்போ, 3 வருஷத்துல இந்தத் திட்டத்துல இருந்தவங்கள்ல 40 சதவீதம் பேர் படிப்பை முடிச்சாங்க, இல்லாதவங்கள்ல 22 சதவீதம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பசங்கதான் சார், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!

இன்னொண்ணு, எப்படிப் படிக்கணும்னு நாம யாருக்கும் சொல்லியே தர்றதில்ல. 2006ல ரோடிகர், கார்பிக்கிங்கற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பண்ண சோதனையில, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க 5 நிமிஷம் கழிச்சு வெச்ச டெஸ்ட்ல நல்லாப் பண்ணாங்க, ஆனா ஒரு வாரம் போனதும் மூடி வெச்சிட்டு ஞாபகப்படுத்தி எழுதிப் பழகினவங்கதான் முன்னாடி நின்னாங்க. ராத்திரி பூரா கண் முழிச்சுப் படிச்சும் ஃபெயிலாகி, தனக்கு மூளையே இல்லன்னு முடிவு பண்ணிக்கிற புள்ளைங்களுக்கு இதை யாரு சொல்றது?

இப்பல்லாம் முதல் இன்டர்னல் முடிஞ்சதும் பேப்பரை கிளாஸ்ல கொடுக்குறதில்ல, ஒவ்வொருத்தரையா நானே பேர் சொல்லிக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சுத்தான் கொடுக்குறேன். 60 பேருக்கு ரெண்டு வாரம் ஆகுது, ஆகட்டும். போன வாரம் ஒரு பொண்ணு வாங்கின உடனே மடிச்சா, பிரிம்மான்னேன். மூணு கணக்குலயும் ஒரே தப்பு, அடைப்புக்குறிக்கு முன்னாடி இருக்குற மைனஸை உள்ள கொண்டுபோக மறந்திருக்கா, மத்ததெல்லாம் சரி. இவ்வளவுதானா மேடம்னு கேட்டா.

அடுத்த தடவை இந்த விஷயத்தைப் பத்திப் போடுறப்போ, படிப்பை விட்டுட்டுப் போனவங்க ரெண்டு பேர்கிட்டயாவது பேசிட்டுப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை